வீட்டு நீச்சல் குளத்துத் தண்ணீரை இறக்குவது: செட்டிநாட்டு மண்ணுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

தை முகூர்த்தத்துக்குச் சொந்தபந்தம் வருகிறது, குளத்துத் தண்ணீர் பச்சையாகக் கிடக்கிறது. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர் காவல்காரரிடம் போனில் சொல்கிறார்: "எல்லாத்தையும் இறைச்சுட்டுப் புதுத் தண்ணி விட்டுருங்க." காரைக்குடிப் பக்கம் குளம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணுக்குள் இறங்கி நிற்கும் மாதம் தை. குளத்தைக் காலி செய்ய அதைவிட மோசமான மாதம் கிடையாது.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். மோட்டாரைத் தண்ணீரில் இறக்குவது ஆறாவது படியில்தான் வருகிறது.

1. எவ்வளவு இறக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முழுக் குளத்தையும் காலி செய்தே ஆக வேண்டிய வேலைகள் மிகக் குறைவு: தரை டைல்ஸ் பெயர்ந்திருப்பது, பூச்சு உதிர்வது, மெயின் டிரெயின் (தரையில் உள்ள வடிகால்) பழுது. மற்றவை எல்லாம் பாதித் தண்ணீரோடு முடியும்.

ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரையும் குப்பையையும் இழுக்கும் சுவர்த் திறப்பு) வாய், மேல்வரிசை டைல்ஸ், தண்ணீர் வரும் முனைகள் ஆகியவற்றில் வேலை என்றால், அந்த இடத்துக்கு 10 செ.மீ. கீழே வரை இறக்கினால் போதும். அடைமழைக்கு முன் இடம் விட்டு வைப்பதற்கு 10 முதல் 15 செ.மீ. போதும். பாசி மட்டும்தான் சிக்கல் என்றால் தண்ணீரை இறக்கவே வேண்டாம். குளோரினும் தேய்ப்பும் ஃபில்டரும் அதைச் சரி செய்துவிடும்.

தண்ணீரே பழசாகிவிட்டது என்றால் மூன்றில் ஒரு பங்காக மாற்றுங்கள். டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை போடும் குளங்களில் சயனூரிக் அமிலம் (குளோரினை வெயிலிலிருந்து காப்பது, மிஞ்சினால் அதையே மந்தமாக்குவது) சேர்ந்துகொண்டே போகும். மாத்திரை மூலம் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) குளோரின் சேர்த்தால் ஏறக்குறைய 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் கூடவே சேர்கிறது. குளோரின் வெயிலிலும் அழுக்கிலும் தீர்ந்துவிடும், இது தீராது. 120 பிபிஎம் இருக்கும் குளத்தில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் 80 ஆகும், இன்னொரு முறை மாற்றினால் 53க்கு வரும். இரண்டு தடவையிலும் குளத்துக்குள் மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீர் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாரம் ஏன் வேண்டும் என்பதை மூன்றாம் படியில் பார்க்கலாம்.

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்தம்) அளவைக் குறைக்க நினைப்பவர்கள் ஊற்றப்போகும் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். குளத்தில் 2,400, போர் தண்ணீரில் 600 என்றால், மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் 1,800 வரும். போர் தண்ணீரே 1,800 காட்டினால் இறைத்தும் பயன் இல்லை.

2. குளம் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கான்கிரீட் குளம் என்றால் தொடருங்கள்.

ஃபைபர் தொட்டி இறக்கி வைத்த குளம் என்றால் ஒருபோதும் நீங்களாகக் காலி செய்யாதீர்கள். தொட்டிச் சுவருக்கு வெளியே இருக்கும் மண் உள்ளே தள்ளும். அதை எதிர்த்து நிற்பது உள்ளே இருக்கும் தண்ணீர்தான். தண்ணீர் போனதும் சுவர் உள்வாங்கி வளையும். ஸ்கிம்மர் மட்டம் வரை இறக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வினைல் விரிப்புப் போட்ட குளத்திலும் ஆழம் குறைந்த பக்கத்தில் குறைந்தது 30 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். பழைய விரிப்பு காய்ந்தால் சுருங்கும். மறுபடி தண்ணீர் நிரப்பும்போது மூலைகளில் கிழியும்.

3. குளத்துக்கு வெளியே இருக்கும் தண்ணீரை அளங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

காலி அண்டாவைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினால் கையைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். மண்ணுக்குள் தண்ணீர் நிற்கும்போது காலிக் குளத்துக்கும் அதுதான் நடக்கும். கணக்கு எளியது. 20 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் தரை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ எடை. தரையின் அடிப்பக்கத்துக்கு மேல் 50 செ.மீ. உயரத்துக்கு நிலத்தடி நீர் நின்றாலே, அதே 500 கிலோ விசை கீழிருந்து மேலே தள்ளுகிறது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள குளத்தின் கீழ் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் மொத்தம் 32 டன். சுவர்களின் எடை கொஞ்சம் பிடித்து வைக்கும். அதை நம்பி யாரும் இறைக்கக் கூடாது. குளம் முழுதாக மிதக்காவிட்டாலும் தரை விரிசல் விடும், குழாய் இணைப்புகள் அறுபடும்.

நம் பக்கத்தில் பலரும் செய்யும் தவறு, பின்கட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு "தண்ணி ஆழத்துலதான் கெடக்கு" என்று முடிவு கட்டுவது. கிணறு மேலே ஏறி நின்றால் கண்டிப்பாக இறைக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் கிணறு இறங்கி இருப்பதால் மட்டும் குளம் பத்திரம் என்று ஆகாது. காரணம் செம்புராங்கல். கெட்டியான செம்புராங்கல் பாறையையோ களியையோ வெட்டிக் குழி எடுத்து, குளம் கட்டி, சுற்றிலும் தளர்ந்த மண்ணையும் மணலையும் போட்டு மூடியிருப்பார்கள். மழைத் தண்ணீரும், குளத்தில் கசியும் தண்ணீரும் அந்தத் தளர்ந்த மண்ணுக்குள் இறங்கும். அதற்குக் கீழே போக வழி இல்லாமல் அங்கேயே தேங்கும். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் கிணற்றுக்கு அது தெரியவே தெரியாது. மழைநீர்ச் சேகரிப்புக் குழி குளத்துக்கு அருகில் இருந்தாலும், ஓட்டுத் தாழ்வாரத் தண்ணீர் அந்தப் பக்கம் விழுந்தாலும் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே குளத்தை ஒட்டியே ஒரு பார்வைக் குழாய் வேண்டும். ஆழமான பக்கத்துச் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி, கைத் துரப்பணத்தால் துளை போடுங்கள். குளத்துக் குழாயும் மின்கேபிளும் அந்த வழியில் இல்லை என்பதை முன்னால் உறுதி செய்துகொள்ளுங்கள். துளை, குளத்துத் தரையின் அடிமட்டத்தைவிட 30 செ.மீ. கீழே போக வேண்டும். 1.6 மீட்டர் ஆழக் குளத்துக்கு, 20 செ.மீ. தரைக் கனமும் சேர்த்து, குறைந்தது 2.1 மீட்டர். அதில் 110 மி.மீ. பிவிசி குழாயை இறக்குங்கள். கீழ் ஒரு மீட்டருக்கு ஆக்ஸா பிளேடால் கீறல் போட்டு, வலைத்துணி சுற்றி, வெளியே சின்ன ஜல்லி கொட்டுங்கள். மேலே மூடி போடுங்கள். செலவு அதிகம் இல்லை. ஒரு முறை போட்டால் குளம் இருக்கும்வரை இருக்கும்.

ஒரு நாள் விட்டு, கயிற்றில் ஒரு நட்டைக் கட்டி இறக்கி, தண்ணீர் எந்த ஆழத்தில் தட்டுகிறது என்று பாருங்கள். விதி இதுதான்: குளத்துக்குள் இருக்கும் தண்ணீர் மட்டம், குழாயில் தெரியும் மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டையும் குளத்து விளிம்பிலிருந்தே அளங்கள். 15 செ.மீ. கூடுதலாக விட்டு வையுங்கள். குழாயில் தண்ணீர் 1 மீட்டர் ஆழத்தில் இருந்தால் குளத்தை 85 செ.மீ. வரை இறக்கலாம். முழுதாகக் காலி செய்ய வேண்டும் என்றால், குழாய் தொடர்ந்து ஒரு வாரம் வறண்டு இருக்க வேண்டும்.

குழாயில் தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் அவசரம் என்றால், அந்தக் குழாயிலிருந்தே சின்ன மோட்டாரால் வெளித் தண்ணீரை இறைத்துக்கொண்டே குளத்தை இறக்குவது உண்டு. அது அனுபவமுள்ள ஒப்பந்தக்காரரின் வேலை. மின்சாரம் போன அந்த இரவில் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

சில குளங்களில் மெயின் டிரெயின் குழிக்குள் ஹைட்ரோஸ்டாடிக் வால்வு இருக்கும். வெளி அழுத்தம் கூடினால் திறந்து நிலத்தடித் தண்ணீரை உள்ளே விடும். இருந்தால் நல்லது. ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கலாம் என்பதால், அது இருக்கிறது என்ற தைரியத்தில் குழாயைப் பார்க்காமல் விட வேண்டாம்.

4. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியிலும் மண் ஈரம் இறங்கியிருக்காது. ஊருணியும் கண்மாயும் நிறைந்து நிற்கும் நாட்களில் அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டு நீச்சல் குளங்களைக் காலி செய்யும் பேச்சே வேண்டாம்.

மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முடிய, அதாவது மார்ச் முதல் ஏப்ரல் முதல் பாதி வரை, பெரும்பாலும் நல்ல காலம். சித்திரை, வைகாசியில் நிலத்தடி நீர் இன்னும் கீழே இருந்தாலும், காலிக் குளத்தில் அக்னி நட்சத்திர வெயில் நேராக விழும். டைல்ஸ் பூச்சு விட்டுவிடும், சிமென்ட் பூச்சு வெடிக்கும். திரும்ப நிரப்பத் தண்ணீரும் கிடைக்காது. ஆடி, ஆவணியிலும் செய்யலாம், ஆனால் சாயங்கால இடிமழை திடீரென்று கொட்டும். வானிலையைப் பார்த்து ஐந்து நாள் மழை இல்லாத இடைவெளியில் தொடங்குங்கள்.

5. தண்ணீர் எங்கே போகும் என்று முடிவு செய்து, குளோரினை இறக்குங்கள்

முதலில் அளவு. நீளம் × அகலம் × சராசரி ஆழம், மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 8 × 4 × 1.4 மீட்டர் குளத்தில் 44,800 லிட்டர். அதில் ஒவ்வொரு செ.மீ. இறக்கத்துக்கும் 320 லிட்டர் வெளியேறும். இதை எங்கே விடுவது?

ஊருணியில் விடவே கூடாது. பல ஊர்களில் ஊருணித் தண்ணீரை இன்றும் குடிக்கிறார்கள். கண்மாயில் விட்டால் குளோரின் மீனைக் கொல்லும். செப்டிக் டேங்கில் விட்டால் அது நிரம்பி வழியும், உள்ளே மலத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் போய்விடும். தெருச் சாக்கடையில் விடுவதற்கு முன், காரைக்குடி என்றால் மாநகராட்சியிலும், கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற ஊர்களில் பேரூராட்சியிலும் கேட்டுவிடுங்கள்.

தோப்பு இருந்தால் அதுதான் சரியான இடம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். ஒரே மரத்தடியில் கொட்டாமல் ஓஸை அரை மணிக்கு ஒரு முறை நகர்த்துங்கள். உப்பு போட்டுக் குளோரின் தயாரிக்கும் குளமாக இருந்தால் அதில் 3,000 பிபிஎம்முக்கு மேல் உப்பு இருக்கும். அந்தத் தண்ணீரைச் செடிக்கோ வயலுக்கோ விடாதீர்கள்.

எங்கே விட்டாலும் குளத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளியும், சரிவு குளத்தைப் பார்த்து இல்லாமலும் இருக்கட்டும். பக்கத்திலேயே புல்தரையில் ஓஸைப் போட்டுவிட்டால், இறைத்த தண்ணீர் அதே தளர்ந்த மண்ணுக்குள் இறங்கிக் குளத்துக்கு அடியில் வந்து சேரும். உள்ளே பாரம் குறையக் குறைய வெளியே தள்ளுவிசை கூடும். பழைய வீட்டு அடித்தளத்தின் ஓரமும் வேண்டாம். சுண்ணாம்புக் கலவைச் சுவர் ஈரத்தை உறிஞ்சி ஏற்றும், வளவுக்குள் (உள்முற்றத்தில்) ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் உப்புப் பூக்கும்.

இறைக்கத் தொடங்கும் நாளுக்கு நாலைந்து நாள் முன்பே குளோரின் போடுவதை நிறுத்துங்கள். வெயில் அதைக் குறைத்துவிடும். சயனூரிக் அமிலம் அதிகம் இருந்தால் மெதுவாகத்தான் குறையும். மஞ்சள் நிறம் காட்டும் சாதாரணச் சோதனைக் கிட்டில் தண்ணீர் நிறமே மாறாமல் இருக்க வேண்டும். பிஎச் 7க்கும் 8க்கும் நடுவில் இருக்கட்டும்.

காத்திருக்க நேரம் இல்லை என்றால் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் ("ஹைப்போ" என்றும் சொல்வார்கள்) போடலாம். 10,000 லிட்டரில் ஒரு பிபிஎம் குளோரினுக்குச் சுமார் 20 கிராம். 45,000 லிட்டரில் 2 பிபிஎம் இருந்தால் 180 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றி, ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும். "ஹைப்போ" என்று மட்டும் கேட்டால் சில கடைகளில் திரவக் குளோரின் கேனை எடுத்துக் கொடுப்பார்கள், ஆகவே முழுப் பெயர் சொல்லி வாங்குங்கள்.

6. மின்சாரத்தை முதலில் நிறுத்தி, பிறகு இறையுங்கள்

ஃபில்டர் மோட்டார், உப்புக் குளோரினேட்டர், நீருக்கடி விளக்கு ஆகிய மூன்றுக்கும் எம்சிபியை (மின்பலகையில் உள்ள சுவிட்ச்) இறக்குங்கள். டைமரை மட்டும் நிறுத்தினால் போதாது. காலை ஆறு மணிக்குத் தானாக ஓடத் தொடங்கும் மோட்டார் காற்றை இழுத்து, சீல் கருகிவிடும். பழைய விளக்குகள் தண்ணீரால்தான் குளிர்கின்றன, வெளியே தெரியும் நிலையில் எரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.

ஸ்கிம்மர் மட்டம் வரை இறக்க மட்டும், குளத்து மோட்டாரையே பயன்படுத்தலாம். மோட்டார் நின்றிருக்கும்போதே மல்ட்டிபோர்ட் (ஃபில்டரின் பல வழி வால்வு) கைப்பிடியை 'வேஸ்ட்' நிலைக்கு மாற்றி, பிறகு அந்த மோட்டாரின் எம்சிபியை மட்டும் தூக்கி ஓடவிடுங்கள், முடிந்ததும் மறுபடி இறக்கிவிடுங்கள். ஓடும்போது கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழியும். அது கிழிந்தால் பின்னாளில் ஃபில்டர் ஓடும் நேரமெல்லாம் தண்ணீர் வேஸ்ட் குழாய் வழியே கசிந்துகொண்டே இருக்கும்.

அதற்குக் கீழே போக, நீர்மூழ்கி வடிகால் மோட்டார்தான் சரி. 1 எச்பி போதும். மூன்று கம்பி வயர், எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகிய மூன்றும் இல்லாமல் இறக்காதீர்கள். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். வயர் இணைப்பு தண்ணீர் விளிம்பிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி இருக்கட்டும். மோட்டாரை வயரால் இறக்காமல் கயிறு கட்டி இறக்குங்கள். அது ஓடும்போது யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஓரத்தில் உட்கார்ந்து காலை நனைப்பதும் கூடாது.

வயலுக்கு வைத்திருக்கும் ஆயில் இன்ஜினைக் கொண்டுவரும் வழக்கம் உண்டு. தண்ணீரை வேகமாக எடுக்கும். அதைக் குளத்துக்குள் இறக்கி வைக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு பள்ளத்தில் தேங்கி ஆளைச் சாய்த்துவிடும்.

7. 30 செ.மீ. இறக்கி, நின்று, பார்த்து, மறுபடி இறக்குங்கள்

முதலில் ஓஸை 200 லிட்டர் டிரம்மில் விட்டு நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர். 45,000 லிட்டருக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கு கையில் இருந்தால், இறக்கம் திடீரென்று மந்தமானால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது என்று உடனே சந்தேகப்படலாம்.

சுவரில் 30 செ.மீ.க்கு ஒரு டேப் ஒட்டுங்கள். ஒவ்வொரு குறியிலும் நிறுத்தி, பார்வைக் குழாயில் நட்டை இறக்கிப் பாருங்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்றால், காவல்காரர் டேப்பையும் கயிற்றளவையும் படம் எடுத்து அனுப்பட்டும். பதில் வந்த பிறகே அடுத்த 30 செ.மீ. இரவில் யாரும் பார்க்காமல் ஓடவிட வேண்டாம்.

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது தெரிந்தால் மோட்டாரை நிறுத்தி, உடனே தண்ணீரைத் திரும்ப விடத் தொடங்குங்கள்: விளிம்புக் கல்லுக்கும் நடைதரைக்கும் நடுவில் புது இடைவெளி, டைல்ஸ் இடுக்கில் நேர்கோட்டு வெடிப்பு, தரையில் ஊறும் ஈரம், தரையைத் தட்டினால் வெறுமைச் சத்தம். மழை தொடங்கினாலும் அதேதான். இங்கே யோசிக்க நேரம் கிடையாது. பழுது வேலை இன்னொரு நாளைக்கு நடக்கும்.

நிரம்பி வழியும் வகைக் குளம் என்றால் பேலன்ஸ் டேங்கையும் (வழியும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டி) இதே கணக்கில் பாருங்கள், அதுவும் மண்ணுக்குள் இருக்கும் காலித் தொட்டிதான். உள்ளே ஆள் இறங்கினால் மேலே இன்னொருவர் நிற்க வேண்டும்.

8. காலியாக இருக்கும் நாட்கள்

கூடியவரை மூன்று நாலு நாளுக்குள் வேலையை முடியுங்கள். கொத்தனாரும் டைல்ஸ்காரரும் பொருளோடு வந்து நிற்கும் நாளுக்கு முந்தின நாள்தான் காலி செய்ய வேண்டும். காலி செய்துவிட்டு ஆள் தேடுவது தலைகீழ் வேலை.

சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டு வலை கட்டுங்கள். தண்ணீர் இருந்த குளத்தைவிடக் காலிக் குளத்தில் விழுந்தால் அடி பலம். பிள்ளைகள், நாய், மாடு எதுவும் கிட்டே போகக் கூடாது. இறங்க ஏணி வையுங்கள், பாசித் தரையில் சறுக்கும்.

ஆசிட் கழுவல் செய்தால் குளோரின் பொருள் எதுவும் குளத்துக்குள் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலேயே நிற்கும். அடியில் 10 செ.மீ. தண்ணீரை விட்டுவைத்து மறந்துவிட்டால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் கொசு பெருகிவிடும்.

9. திரும்ப நிரப்புவது

தண்ணீருக்கு ஏற்பாடு செய்யாமல் இறைக்கவே தொடங்கக் கூடாது என்பதால், இதை உண்மையில் முதல் நாளே முடிவு செய்திருக்க வேண்டும். 12,000 லிட்டர் லாரி என்றால் 45,000 லிட்டருக்கு நாலு நடை. போர் என்றால் மோட்டாருக்கு ஓய்வு விட்டு விட்டு இரண்டு நாள் ஆகலாம்.

ஓஸ் முனையில் பழைய துண்டைக் கட்டி, ஆழமான பக்கத்தில் வையுங்கள். புதுப் பூச்சில் தண்ணீர் நேராக விழுந்தால் குழி விழும். பூச்சுப் போட்ட குளம் என்றால் நடுவில் நிறுத்தாதீர்கள். நின்ற மட்டத்தில் வளையமாகக் கறை படியும், பிறகு போகாது.

ஸ்கிம்மர் வாயின் பாதி வரை ஏறியதும், ஃபில்டரைத் திறந்து காற்றை வெளியேற்றி, மோட்டார்க் கூடையில் தண்ணீர் ஊற்றி மூடி, அதன் பிறகு எம்சிபியைத் தூக்குங்கள். ஒரு நாள் முழுக்கச் சுற்றவிட்டு, முதலில் அல்கலினிட்டியை (பிஎச்சை நிலையாக வைக்கும் காரத்தன்மை) 80 முதல் 120 பிபிஎம்முக்கும், அடுத்து பிஎச்சை 7.2 முதல் 7.6க்கும் கொண்டுவந்து, கடைசியில் குளோரினை 1 முதல் 3 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். வரிசை மாறினால் பிஎச் ஏறி இறங்கி, போட்ட மருந்து வீணாகும். நீருக்கடி விளக்கு முழுதும் மூழ்கியிருப்பதைப் பார்த்த பிறகு அதற்கு இணைப்பைக் கொடுங்கள். பார்வைக் குழாயின் மூடியைத் திருகி, கயிற்றையும் நட்டையும் அதன் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வையுங்கள், அடுத்த மழைக்குத் தேட வேண்டியிருக்காது.